பாதை வேறு, பாத்தியம் வேறு: நாடு விட்டு நாடு செல்லும் நெடுஞ்சாலையைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

"இனி இந்தியாவிலிருந்து தாய்லாந்துக்குக் காரிலேயே போகலாம்" என்று அறிவிக்கும் காணொளிகளும் செய்தித் துணுக்குகளும் அவ்வப்போது கைப்பேசிகளில் வலம்வருகின்றன. அவற்றைப் பார்ப்பவர்களில் ஒரு சாரார், மணிப்பூரில் தொடங்கி பாங்காக் வரை ஒரே சீராக நீளும் புத்தம்புதிய தார்ச்சாலையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். மற்றொரு சாரார், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதையே சொல்லிக்கொண்டிருப்பதால் அப்படி ஒரு சாலையே கிடையாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரு தரப்பாரின் குழப்பத்துக்கும் காரணம் ஒன்றே: ஒரு நாட்டுக்குள் ஓடும் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு, நாடுகளுக்கு இடையே ஓடும் சாலையை அளக்கிறோம். அந்த அளவுகோல் ஏன் பொருந்தாது என்பதை இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

வயல் நடுவே ஒரு வண்டிப்பாதை

கிராமத்தில் நிலம் வாங்கியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நம் வயலுக்குப் போக மூன்று பேருடைய வயல்களின் ஓரமாக ஒரு வண்டிப்பாதை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண் கெட்டியாக இருக்கிறது, மாட்டுவண்டியும் டிராக்டரும் தாராளமாகப் போகும். ஆனாலும் பத்திரம் எழுதும்போது அனுபவமுள்ளவர்கள் கேட்கும் கேள்வி, "பாதை இருக்கிறதா?" என்பதோடு நிற்பதில்லை. "பாத்தியம் இருக்கிறதா?" என்றும் கேட்பார்கள். ஆள், வண்டி, கால்நடை போக வர உரிமை உண்டு என்று எழுத்தில் இல்லாவிட்டால், என்றைக்காவது ஒருநாள் பாதையின் குறுக்கே முள்வேலி விழலாம். மண் அதே மண்தான். வண்டியும் அதே வண்டிதான். போகத்தான் முடியாது.

நாடுகளுக்கு இடையிலான நெடுஞ்சாலைக்கும் இந்த இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது கண்ணுக்குத் தெரியும் பாதை: தார், ஜல்லி, பாலம், வழிகாட்டிப் பலகை. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாத பாத்தியம்: யார் எந்த வண்டியில், எந்தச் சரக்கோடு, எந்த ஆவணத்தைக் காட்டி, எவ்வளவு தூரம் போகலாம் என்று அரசுகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் உடன்பாடு. பாதையைப் பொறியாளர்கள் போடுகிறார்கள். பாத்தியத்தை அமைச்சகங்கள் பேசி முடிக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் மையம்.

ஆசிய நெடுஞ்சாலை: எண்தான் புதிது

முத்தரப்பு நெடுஞ்சாலைக்குப் போவதற்கு முன், அதனோடு எப்போதும் சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு பெயரைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆசிய நெடுஞ்சாலை வலையமைப்பு என்பது 1959-இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஆசிய வட்டாரப் பொருளாதார ஆணையம் தொடங்கிய திட்டம். பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த ஆணையத்தின் முயற்சியால் 2003-இல் அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை ஒன்று ஏற்கப்பட்டு, 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இன்று 32 நாடுகளில் 1,40,000 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகள் அதில் அடங்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சாலைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்தவை என்பது. நகரப் பேருந்துத் தட எண்ணை நினைத்துப் பாருங்கள். ஒரு தட எண்ணை அறிவிக்கும்போது அதற்காகப் புதிய தெரு வெட்டப்படுவதில்லை. பல தெருக்கள் சேர்ந்த ஒரு வழிக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆசிய நெடுஞ்சாலை எண்ணும் அப்படிப்பட்டதே. டோக்கியோவில் தொடங்கி, கொரியா, சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாகத் துருக்கி–பல்கேரியா எல்லை வரை செல்லும் ஏ.எச். 1 (ஏ.எச். என்பது ஏஷியன் ஹைவே, அதாவது ஆசிய நெடுஞ்சாலை என்பதன் சுருக்கம்) என்ற வழியின் நீளம் 20,557 கிலோமீட்டர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அதில் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையே கப்பலில்தான் போக வேண்டும். இரு கொரியாக்களுக்கும் நடுவே உலகிலேயே மிகக் கடுமையாகக் காக்கப்படும் எல்லைகளில் ஒன்று இருக்கிறது. எண் தொடர்கிறது, பயணம் தொடர்வதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆக்ராவிலிருந்து ஹைதராபாத், பெங்களூரு, கிருஷ்ணகிரி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை வருவது ஏ.எச். 43. கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னாரில் அதே எண் மீண்டும் தொடங்கி, இலங்கையின் தென்கோடியில் உள்ள மாத்தறை வரை போகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடிய காலம் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. வரைபடத்தில் மட்டும் எண் இன்றும் கடலைத் தாண்டி நிற்கிறது.

எண்ணோடு தரவகுப்பும் உண்டு. தரவகுப்பு என்பது ஒரு சாலை எத்தனை தடம் கொண்டது, அதன் மேற்பரப்பு எத்தகையது என்பதை வைத்து அதற்குத் தரப்படும் நிலை. குறுக்கே யாரும் நுழைய முடியாத விரைவுச்சாலை முதன்மை வகுப்பு. நான்கு தடச் சாலை முதல் வகுப்பு. நல்ல தார் அல்லது கான்கிரீட் போட்ட இரு தடச் சாலை இரண்டாம் வகுப்பு. அதனினும் எளிய மேற்பரப்புள்ள இரு தடச் சாலை மூன்றாம் வகுப்பு. "சர்வதேச நெடுஞ்சாலை" என்ற பெயரைக் கேட்டதும் ஆறு தடங்களை நினைத்துக்கொள்பவர்கள், இரண்டு லாரிகள் ஒதுங்கிப் போகும் அளவுள்ள மலைச்சாலையும் அதே பெயரைத் தாங்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆசிய நெடுஞ்சாலை என்பது நாடுகள் தத்தம் சாலைகளுக்குப் பொது எண்ணும் பொதுத் தரமும் கொடுத்துக்கொண்ட ஏற்பாடு. அது எவருக்கும் எல்லை தாண்டும் உரிமையைத் தருவதில்லை.

முத்தரப்பு நெடுஞ்சாலை: மூன்று நாடுகள், பல துண்டுகள்

மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயையும் தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட்டையும் மியான்மரின் ஊடாக இணைப்பது முத்தரப்பு நெடுஞ்சாலை. நீளம் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். 2002 ஏப்ரலில் மூன்று நாடுகளின் அமைச்சர்கள் யாங்கோனில் கூடியபோது இந்த எண்ணம் திட்டமாக உருப்பெற்றது. இரண்டு முனைகளும் எல்லை ஊர்கள் என்பதால், சாலை கிட்டத்தட்ட முழுவதும் மியான்மருக்குள்தான் கிடக்கிறது. "இந்தியா போடும் சாலை" என்று நம் செய்திகளில் வருவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தியா தன் பணத்தில் வேலை செய்வது, பெரும்பாலும் இன்னொரு நாட்டின் மண்ணில்.

வழி இப்படிப் போகிறது: மோரேயைத் தாண்டினால் தமு, பிறகு கலேமியோ, சின்ட்வின் என்ற மியான்மர் ஆற்றின் கரையில் உள்ள கலேவா, யாகி, மோனிவா, மண்டலே, அங்கிருந்து தெற்கே தலைநகர் நேபிடா, நம் முன்னோர் பெகு என்று அழைத்த பகோ, பிறகு கிழக்கே திரும்பி மியாவடி, மோய் ஆற்றைக் கடந்தால் மே சோட். ஏ.எச். 1 என்ற எண்ணும் மியான்மரில் பெரும்பாலும் இந்தப் போக்கில்தான் போகிறது என்பதால் இரண்டு பெயர்களும் கலந்துவிடுகின்றன. ஒன்று வலையமைப்பின் எண், மற்றொன்று கட்டுமானத் திட்டம்.

இந்தத் துண்டுகள் ஒரே நேரத்தில் போடப்பட்டவை அல்ல, ஒரே ஆளால் போடப்பட்டவையும் அல்ல. தமுவிலிருந்து கலேமியோ வழியாகக் கலேவா வரையிலான சுமார் 160 கிலோமீட்டர்ச் சாலையை இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு மேம்படுத்தி, 2001 பிப்ரவரியில் நட்புறவுச் சாலை என்ற பெயரில் திறந்தது. கலேவாவிலிருந்து யாகி வரையிலான ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மலைப்பகுதியை இரு தடச் சாலையாக்கும் பொறுப்பையும் பின்னர் இந்தியா ஏற்றது; அங்கே வேலை 2018-இல் தொடங்கியது. நடுப்பகுதியில் மண்டலே–நேபிடா போன்ற சாலைகள் மியான்மர் தனக்காகவே போட்டுக்கொண்டவை.

கிழக்கு முனையின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. மியாவடிக்கு மேற்கே டாவ்னா மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. அதில் ஏறிய பழைய சாலை மிகக் குறுகலானது. எதிரெதிரே வண்டிகள் வர இடமில்லாததால், ஒருநாள் மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் வண்டிகளும், மறுநாள் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் வண்டிகளுமாக முறைவைத்து விட்டார்கள். முறை தவறிய லாரி ஒருநாள் முழுக்கக் காத்துக்கிடக்கும். மலையைச் சுற்றிச் செல்லும் புதிய சாலை தாய்லாந்தின் உதவியோடு அமைக்கப்பட்டு 2015-இல் திறக்கப்பட்ட பிறகுதான் அந்த முறை ஒழிந்தது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கொண்ட வழியில் சில பத்துக் கிலோமீட்டர்கள் மொத்த வழியின் வேகத்தையும் தீர்மானித்தன.

பாலம் தாங்கும் அளவே பாதை

வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை முடிவுசெய்வது அதன் அகலமான பகுதி அல்ல. மிகச் சிறிய மதகுதான். நெடுஞ்சாலையில் அந்த மதகு பெரும்பாலும் பாலம். தமு–கலேவா சாலையில் மாற்ற வேண்டியவை என்று கணக்கெடுக்கப்பட்ட பாலங்கள் 69. அவற்றில் பல இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்தவை.

பெய்லி பாலம் என்ற சொல் இங்கே வரும். ஒரே அளவில் முன்னரே செய்யப்பட்ட எஃகுச் சட்டங்களை, ஊசிகளாலும் திருகாணிகளாலும் பிணைத்து, பெரிய இயந்திரங்கள் இல்லாமல் விரைவில் நிறுவும் பாலத்துக்கு அந்தப் பெயர். 2024-இல் வயநாட்டில் நிலச்சரிவுக்குப் பிறகு சூரல்மலையில் ராணுவத்தினர் அமைத்தது அவ்வகைப் பாலம்தான். அவசரத்துக்கு அதைப் போல் கைகொடுப்பது வேறில்லை. ஆனால் நாள்தோறும் சரக்கு லாரிகள் போகும் நெடுஞ்சாலைக்கு, பல பத்தாண்டுகள் பழகிய பெய்லி பாலங்கள் போதா.

லாரியின் எடை ஏன் இவ்வளவு முக்கியம்? இங்கே அச்சுச் சுமை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் மொத்த எடையில் ஒவ்வோர் அச்சும், அதாவது ஒரு சோடிச் சக்கரங்களை இணைக்கும் தண்டும், சாலையின்மீது இறக்கும் பங்கே அச்சுச் சுமை. அது இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் தேய்மானம் இரண்டு மடங்காவதில்லை. சுமார் பதினாறு மடங்காகிறது என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. இந்தியா 2018-இல் இரண்டு அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. ஒரு நாடு தன் வசதிக்கு ஏற்ப இப்படி வரம்பை மாற்றும்போது, அதே லாரி அடுத்த நாட்டின் சாலையில் ஏற உரிமை உண்டா, அந்தச் சாலை தாங்குமா என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. பாதையைப் பற்றிய பேச்சு இந்த இடத்தில் தானாகவே பாத்தியத்தைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது.

எல்லைக் கோட்டில் லாரிக்கு என்ன நேர்கிறது

ஓர் எல்லை ஊரில் லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநரின் உரிமம் அடுத்த நாட்டில் செல்லுமா? வண்டிக்குக் காப்பீடு உண்டா? விபத்து நடந்தால் யார் பொறுப்பு? லாரியையே அங்கே விற்றுவிட்டால் வரி என்னாவது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாதவரை அடுத்த நாடு கதவைத் திறக்காது. அதில் தவறும் இல்லை.

பதில் இல்லாத இடங்களில் நடப்பது சரக்கு மாற்றம். அதாவது, ஒரு நாட்டு லாரியிலிருந்து பொருளை இறக்கி, மற்ற நாட்டு லாரியில் ஏற்றுவது. மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் எல்லையில் இதைக் காணலாம்: இந்திய லாரி எல்லையைத் தாண்டி வங்கதேசத்தின் பெனாபோல் முற்றம் வரை போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிறது, அங்கிருந்து வங்கதேச லாரி எடுத்துச் செல்கிறது. சாலை நன்றாகவே இருக்கிறது, ஏ.எச். 1 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனாலும் மூட்டைகள் தலைமாறுகின்றன. நேரமும் கூலியும் கூடுகின்றன, அழுகும் பொருள் அழுகுகிறது.

இதைத் தவிர்க்க வழிசெய்வது மோட்டார் வாகன ஒப்பந்தம். இன்ன வகை வண்டிகள், இன்ன வழிகளில், இன்ன ஆவணங்களோடு ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று வந்துபோகலாம் என்று நாடுகள் எழுதிக்கொள்ளும் உடன்பாடே அது. வயல் பத்திரத்தில் இருக்கும் பாத்தியத்துக்கு இணையானது. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015 ஜூனில் திம்புவில் அப்படி ஒன்றில் கையெழுத்திட்டன. மறு ஆண்டு பூட்டானின் நாடாளுமன்ற மேலவை அதை ஏற்க மறுத்தது. பிற நாட்டு வண்டிகள் பெருகினால் தங்கள் சிறிய மலைநாட்டின் சுற்றுச்சூழலும் உள்ளூர் லாரிக்காரர்களின் பிழைப்பும் என்னாகும் என்ற அச்சம் அங்கே வலுவாக இருந்தது. அந்த அச்சத்தை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். பாத்தியம் கொடுப்பவருக்கும் இழப்பு உண்டு.

முத்தரப்பு நெடுஞ்சாலைக்கும் இத்தகைய ஒப்பந்தம் பேசப்பட்டது. 2015 நவம்பரில் மூன்று நாட்டு வண்டிகளும் சேர்ந்து சோதனை ஓட்டம் நடத்தின. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. அதே காலத்தில் மோரேயில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி எழுந்தது. சுங்கம், குடிவரவு, நோய்த்தடுப்பு ஆகிய அலுவலகங்களை ஒரே வளாகத்தில் வைக்கும் அமைப்புக்கு அந்தப் பெயர். 2019 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. ஆக, கதவு செய்து முடிந்தது. சாவியைப் பற்றிய பேச்சு முடியவில்லை.

அப்படியானால் காரில் தாய்லாந்து போனவர்களின் காணொளிகள் பொய்யா? இல்லை. மியான்மர் திறந்திருந்த ஆண்டுகளில், முன்கூட்டியே சிறப்பு அனுமதி பெற்று, அரசு ஏற்ற வழிகாட்டி ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டு சிலர் சென்றார்கள். தனியார் வண்டிக்கு அதற்குரிய கார்னே என்ற ஆவணமும் தேவைப்படும். வண்டியைத் திருப்பி எடுத்துச் செல்வேன், விற்றுவிட மாட்டேன் என்பதற்கு ஈடு வைத்துப் பெறும் சுங்க உறுதிச் சீட்டு அது. அவர்கள் போனது தனி அனுமதியில். பொதுப் பாத்தியத்தில் அல்ல.

சுருங்கச் சொன்னால்: சாலை முடிந்தாலும் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கு இறங்கி ஏறும், மனிதர்கள் தனித்தனியே அனுமதி கேட்டுப் போவார்கள்.

இடப்பக்கமும் வலப்பக்கமும்

சிறிய செய்திதான் என்றாலும் விட்டுவிட மனமில்லை. இந்தியாவிலும் தாய்லாந்திலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன. மியான்மர் 1970-இல் வலப்பக்கத்துக்கு மாறியது. எனவே மோரேயைத் தாண்டிய ஓட்டுநர் பக்கம் மாற வேண்டும். மோய் ஆற்றுப் பாலத்தில் மீண்டும் ஒருமுறை மாற வேண்டும். இரு தட மலைச்சாலையில், வலப்பக்கம் உட்கார்ந்தபடியே வலப்பக்கம் ஓட்டி, முன்னே செல்லும் லாரியைத் தாண்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை ஓட்டத் தெரிந்தவர்கள் உணர்வார்கள்.

பாதையும் பாத்தியமும் இருந்தாலும் தேவைப்படும் மூன்றாவது

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் மூண்ட உள்நாட்டுப் போரில், சாலை நுழையும் சகாயிங் பகுதியும் சாலை வெளியேறும் கயின் மாநிலமும் கடும் சண்டைக் களங்களாயின. 2024 ஏப்ரலில் மியாவடியே சில நாள்கள் ராணுவத்தின் கையை விட்டுப் போனது. இந்தப் பக்கம் 2023 மே மாதத்தில் தொடங்கிய மணிப்பூர்க் கலவரம் மோரேயையும் எரித்தது. 2023-இல் இந்தியாவின் சாலைப் போக்குவரத்து அமைச்சர் ஏறத்தாழ எழுபது விழுக்காடு வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னார். அந்த எழுபதைப் படிக்கும்போது, அது தாரின் கணக்கு என்பதையும், ஒப்பந்தமும் அமைதியும் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மோரேயில் நிற்கும் ஒரு கோயில்

இந்தச் சாலையின் இந்திய முனையில் தமிழர்கள் வாழ்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். ஒட்ட முடியாத சிலர், தாங்கள் பிறந்த பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்பிவிட எண்ணி வடகிழக்கே பயணப்பட்டு மோரேயை அடைந்தார்கள். 1942-இல் ஜப்பானியப் படைக்குத் தப்பி ஆயிரக்கணக்கான இந்தியர்கள் நடந்துவந்த அதே தமு வழி அவர்கள் கண்ணெதிரே கிடந்தது. பர்மாவின் எல்லைக் காவலர்கள் உள்ளே விடவில்லை.

திரும்பி வரவும் மனமில்லாமல் அவர்கள் அங்கேயே குடில் போட்டார்கள். பின்னர் கடை வைத்தார்கள், தமிழ்ச் சங்கம் அமைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள். 1995-இல் மோரே–தமு எல்லை வணிகம் சட்டபூர்வமாகத் தொடங்கியபோது, பர்மிய மொழியும் தமிழும் மணிப்பூரியும் பேசத் தெரிந்த அவர்களில் பலர் அந்த வணிகத்தின் முன்வரிசையில் இருந்தார்கள்.